நிறத்துக்கு வந்த விலை: சேலம், நாமக்கல் சமவெளியின் மஞ்சளும் அதன் மருத்துவப் புகழும்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே தொடங்கி, போதமலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவாரங்களைத் தொட்டுக்கொண்டு காவிரிக்கரை வரை சரியும் சேலம், நாமக்கல் சமவெளியில், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் வட்டாரங்களின் செம்மண் தோட்டங்கள் பல தலைமுறைகளாக மஞ்சள் விளைவித்துவருகின்றன. 1997 ஜனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இந்நிலம் முழுவதும் சேலம் மாவட்டமாகவே இருந்தமையால், இங்கிருந்து வெளியூர்களுக்குப் போன சரக்குக்குச் சந்தையில் சேலம் மஞ்சள் என்றே பெயர் நிலைத்தது. அச்சரக்குக்கு விலை வைத்தவர்கள் முதன்மையாகப் பார்த்தது நிறத்தை. அந்நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் ஒரு வேதிப்பொருள் என்று ஐரோப்பிய வேதியியலார் கண்டறிந்ததும், அப்பொருளுக்கு மருந்தாகும் திறன் உண்டு என்று இந்திய ஆய்வகங்கள் சொல்லத் தொடங்கியதும், பின்னர் அது உலகமெங்கும் மாத்திரையாக விற்கப்பட்டதும் மஞ்சளின் அண்மைக்கால வரலாறு. இந்த வரலாற்றில் நன்மையும் தீமையும் அந்த ஒரே நிறத்திலிருந்தே கிளைத்திருக்கின்றன.

குர்குமின் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்தது. ஆறு கரி அணுக்கள் வளையமாக இணைந்து, அவ்வளையத்தில் நீரகமும் உயிர்வளியும் சேர்ந்த ஒரு கூறு ஒட்டியிருந்தால் அதனை ஃபீனால் என்பர். அத்தகைய வளையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டு அமைந்த தாவரப் பொருள்களுக்குப் பாலிஃபீனால் என்று பெயர். தேயிலையின் துவர்ப்பும் கடுக்காயின் துவர்ப்பும், சேலம் பகுதியின் புஞ்சைக் காடுகளில் தானாக முளைக்கும் ஆவாரையின் பட்டையில் இருந்து தோல் பதனிடுவோர் எடுத்த துவர்ப்பொருளும் இவ்வகையினவே. பூச்சி, பூஞ்சை, கடும் வெயில் ஆகியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தாவரங்கள் இத்தகைய பொருள்களை உண்டாக்கிக்கொள்கின்றன. மஞ்சள் கிழங்கில் குர்குமினும் அதனுடன் பிறந்த வேறு இரு பொருள்களும் சேர்ந்து, காய்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை இருக்கும். மஞ்சளின் மணம் இவற்றிலிருந்து வருவதன்று; அது கிழங்கின் எண்ணெயிலிருந்து வருவது.

எட்டு ஒன்பது மாதங்கள் நிலத்தில் நிற்கும் மஞ்சளுக்கு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கட்ட வேண்டும். திருமணிமுத்தாறும் வசிஷ்டநதியும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நிலத்தில் அத்தண்ணீர் கிணற்றிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதால், மின்சாரம் வருவதற்கு முன்பு, கவலை இறைக்கக் கிணறும் எருதுகளும் ஆள்பலமும் உடைய தோட்டக்காரர்களே மஞ்சளில் கைவைத்தனர். மானாவாரிப் புஞ்சையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது எட்டாத பயிர். 1932இல் பைக்காரா மின்நிலையமும் 1934இல் மேட்டூர் அணையும் வந்ததற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்மோட்டார் பரவியபோது இந்நிலை மாறியது. அதே காலத்தில், 1940களில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் குறைந்த தண்ணீரில் விளையும் மரவள்ளியைக் கொண்டுவந்து மஞ்சளுக்குப் போட்டியாக நிறுத்தியது. இன்றும் கிணற்று நீர்மட்டமும் இரண்டின் விலையும் சேர்ந்தே, ஒரு தோட்டத்தில் இந்த ஆண்டு மஞ்சளா மரவள்ளியா என்பதை முடிவு செய்கின்றன.

வைகாசி தொடங்கி ஆடி வரை விதைமஞ்சளை ஊன்றி, இடையில் வெங்காயம், ஆமணக்கு போன்றவற்றை ஊடுபயிராக எடுத்து, தை, மாசியில் தழை காய்ந்து சாய்ந்ததும் கிழங்கை வெட்டி எடுப்பர். அப்போது கையிலிருப்பது விற்பனைக்குரிய சரக்கு ஆகிவிடாது; அதனைச் சரக்காக்குவது வேகவைக்கும் வேலைதான். தோட்டத்திலேயே அடுப்புக் கூட்டி, பெரிய கொப்பரையில் கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு, காய்ந்த மஞ்சள் தழையையே விறகோடு சேர்த்து எரித்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கொதிக்கவிடுவது பழைய முறை. வெண்நுரை பொங்கி, மஞ்சளுக்கே உரிய வாடை ஆவியோடு கிளம்பியதும் ஒரு கிழங்கை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பர். குச்சி தடையின்றி இறங்கினால் பதம் வந்துவிட்டது என்று பொருள். பதம் குறைந்தால் காய்ந்தபின் கிழங்கு நொறுங்கும், வண்டும் விழும். பதம் மிஞ்சினால் நிறம் மங்கும். கொதிநீரில் கிழங்கின் மாவு பசையாகி, தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த நிறம் கிழங்கு முழுவதும் ஒரே சீராகப் பரவுவதால்தான், வெந்து காய்ந்த மஞ்சளை உடைத்தால் உள்ளே ஒரே வண்ணமாகத் தெரிகிறது. இப்போது டிராக்டரில் இழுத்துவரும் நீராவிக் கொதிகலன்கள் இவ்வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன என்றாலும், பதம் பார்க்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

வெந்த கிழங்கைக் களத்தில் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவைக்கும்போது எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதன் பின் சுழலும் இரும்பு உருளையில் போட்டு மேல்தோலையும் வேரையும் உராய்த்து நீக்குவதைப் பாலிஷ் போடுவது என்பர். பக்கவாட்டில் விரல்போல் கிளைத்த கிழங்குகள் விரலி என்றும், தாய்க்கிழங்குகள் உருண்டை என்றும் பிரிக்கப்படும். பனங்காலி என்று மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. நாமகிரிப்பேட்டையில் ராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கம் செவ்வாய்க்கிழமைதோறும் நடத்தும் ஏலத்திலும், திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்திலும் விலை இந்த ரக வாரியாகவே சொல்லப்படுகிறது. வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார். ஒடியும் ஓசை கணீரென்று இருந்தால் நன்றாகக் காய்ந்தது. ஒடிந்த முகம் செம்மஞ்சளாக மின்னினால் நிறம் உண்டு. ஈரம், கெட்டித்தன்மை, நிறம் ஆகிய மூன்றையும் ஒரே ஒடிப்பில் அளந்துவிடும் இத்திறமை எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படுவதில்லை. மண்டியில் நின்று பழகியே வருவது.

நிறத்தின் குணங்கள் பலவற்றை, வேதியியல் அவற்றுக்குக் காரணம் சொல்வதற்கு நெடுங்காலம் முன்பே, வீடுகள் அறிந்திருந்தன. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டும், மஞ்சளிலிருந்து குங்குமம் செய்யும் முறையும் காட்டுகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை குர்குமின் மூலக்கூற்றின் அமைப்பை மாற்றிவிடுவதே இதற்குக் காரணம்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வேதியியலார் கரைசலில் காரம் இருக்கிறதா என்று அறிவதற்கு மஞ்சளில் தோய்த்த காகிதத்தைப் பயன்படுத்தியதும் இதே குணத்தை வைத்துத்தான். மஞ்சளில் நனைத்த துணியின் நிறம் வெயிலில் சில நாளிலேயே வெளுத்துவிடுவதும் எல்லோரும் கண்டதே. ஒளி பட்டால் குர்குமின் சிதைகிறது. இவ்விரு குணங்களும், அதாவது காரத்தில் நிலைகுலைவதும் எளிதில் சிதைவதும், பின்னாளில் மருத்துவ ஆய்வாளர்களைத் தொல்லைப்படுத்தப் போகின்ற குணங்கள்.

1815இல் பாரிஸில் வோகல், பெல்லெட்டியே என்னும் இருவர் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் குர்குமின் என்று பெயரிட்டனர். ஐந்தாண்டு கழித்து மலேரியாவுக்கு மருந்தான குயினைனைப் பிரித்தெடுத்த இருவரில் ஒருவரும் இதே பெல்லெட்டியேதான். அன்று ஐரோப்பா மஞ்சளைத் தேடியது சாயத்துக்காகவே. மருந்து அதன் நினைவில் இல்லை. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை முடிந்து, உள்நாட்டுச் சரக்கு துறைமுகத்தை எட்டுவது எளிதானபோது, மறுபுறத்தில் 1856இல் பிறந்த செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்து இயற்கைச் சாயங்களைச் சந்தையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. அவுரி அத்தொழிலின் முன் ஏறக்குறைய அழிந்தது. மஞ்சள் அழியாமைக்குக் காரணம், அது எந்த நாளிலும் சாயமாக மட்டும் இருந்ததில்லை என்பதே. குழம்பும் குளியலும் கோயிலும் அதனைக் கைவிடவில்லை. 1910இல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டனெட்ஸ்கி, லாம்பே ஆகிய மூவர் குர்குமினின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டனர்; 1913இல் அது ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கப்பட்டது.

சேலம், நாமக்கல் ஊர்களில் மஞ்சளின் மருத்துவப் பயன் பெரும்பாலும் உடலுக்கு வெளியே நடந்தது என்பது கவனத்துக்குரியது. அம்மை கண்டவரை வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரில் தலைக்கு ஊற்றிய பிறகே வீடு இயல்புக்குத் திரும்பும். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் முதல் சிற்றூர் மாரியம்மன்கள் வரை நடக்கும் திருவிழாக்களில் மஞ்சள் நீராட்டு தனி நிகழ்ச்சி. வெட்டுக்காயத்தில் மஞ்சள்தூளை வைத்துக் கட்டுவதும், சளி பிடித்தால் விரலியை விளக்குச் சுடரில் கருக்கி அப்புகையை மூக்கால் இழுப்பதும், சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளை அரைத்துப் பூசுவதும் பாட்டிமார் கைவைத்தியம். உள்ளுக்குக் கொடுத்தபோது அளவு சிறியது. பாலும் மிளகும் சேர்ந்தது. குழம்பில் விழுந்த தூளும் எண்ணெயில் தாளிதத்தோடு வதங்கியே உடலுக்குள் போனது. மரபு மஞ்சளைத் தனி மருந்தாக அள்ளி விழுங்கச் சொல்லவில்லை.

இந்திய ஆய்வகங்களின் பங்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. 1949இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதிய ஒரு குறிப்பு குர்குமின் சில பாக்டீரியாக்களைத் தடுப்பதாகச் சொன்னது. 1953இல் கே.ஆர். சீனிவாசன், மஞ்சளின் நிறம் ஒரு பொருளால் ஆனதன்று, நெருங்கிய உறவுடைய மூன்று பொருள்களால் ஆனது என்று காட்டினார். 1973இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சிரிமல், தவன் ஆகியோர் ஆய்வக விலங்குகளில் குர்குமின் அழற்சியைத் தணிப்பதை விளக்கினர். அழற்சி என்பது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடல் காட்டும் வீக்கம், சூடு, வலி, சிவப்பு ஆகியவற்றின் தொகுதி. அது தணியாமல் நீடிப்பது மூட்டுவாதம் போன்ற நோய்களின் அடிப்படை. 1980இல் தேவ்தர் முதலியோர் 18 முடக்குவாத நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்து ஆராய்ந்து, பயன் இருப்பதாக எழுதினர். எண்ணிக்கையில் சிறியதும் முடிவைச் சொல்வதில் அடக்கமானதுமான இந்த ஆய்வுகளின் மேல்தான் பின்னாளின் பெரும் புகழ் எழுப்பப்பட்டது.

அப்புகழ் சட்டத்தின் வாசலுக்கும் போனது. காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் அமெரிக்கா, மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கியது. ரகுநாத் மஷேல்கர் தலைமையில் இருந்த இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996இல் அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை உள்ளிட்ட அச்சுச் சான்றுகளையும் முன்வைத்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை நீக்கப்பட்டது. காப்புரிமை அலுவலகம் கேட்டது எழுத்துச் சான்று. நாமகிரிப்பேட்டையில் ஒரு விவசாயியின் வெட்டுக்காயத்தில் தலைமுறை தலைமுறையாக அப்பிய மஞ்சள் அந்த வழக்கில் சான்றாக நிற்க முடியாது. யாரோ அதனை அச்சில் எழுதிவைத்திருந்தமையால்தான் உரிமை மீண்டது. இந்த அனுபவமே மரபுவழி அறிவை மின்னூலகமாகத் தொகுக்கும் பணியை 2001இல் தொடங்கத் தூண்டியது.

காப்புரிமை வழக்கு வென்ற பிறகு, மருந்தாகக் குர்குமின் எவ்வளவு பயன் தரும் என்ற கேள்வி தனியாக எஞ்சி நின்றது. அதற்குக் கிடைத்துள்ள விடை புகழுக்குச் சமமாக இல்லை. குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. ஆரத்தித் தட்டில் கண்ட அதே நிலையின்மையால், இரத்தத்துக்கு ஒப்பான இலேசான காரத்தன்மையும் உடல் வெப்பமும் உள்ள வெறும் உப்புக் கரைசலில் அதன் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுவதாக 1990களில் அளந்து காட்டப்பட்டது. 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், இரண்டு கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்படுவதே அரிதாக இருந்ததையும், மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரீன் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அதன் அளவு 20 மடங்கு உயர்ந்ததையும் கண்டனர். சமவெளியில் மஞ்சளும், அதனை ஒட்டி நிற்கும் கொல்லிமலையில் மிளகும் விளையும் நாட்டில் பாலில் இரண்டையும் சேர்த்த பழக்கத்துக்கு இது வலிமையான துணைச்சான்று. ஆயினும் மிளகு செய்வது, உடல் அயற்பொருள்களை அகற்றும் வழியைச் சற்று அடைப்பதே. வேறு மருந்துகளை உட்கொள்வோருக்கு அந்த அடைப்பு அம்மருந்துகளின் அளவையும் உயர்த்திவிடக்கூடும்.

2017இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் மருந்து வேதியியல் இதழில் வந்த ஒரு மதிப்பாய்வு, மனிதர்களிடம் நடத்தப்பட்ட நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குர்குமின் ஆய்வுகளைப் பார்த்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, கொடுப்பவரும் பெறுபவரும் எது எதுவென்று அறியாத முறையில் நடந்தவற்றுள் ஒன்றுகூட வெற்றி காட்டவில்லை என்று எழுதியது. குர்குமின் ஆய்வகச் சோதனைகளில் பல புரதங்களோடு பொத்தாம்பொதுவாக ஒட்டிக்கொண்டும், தன் நிறத்தாலும் ஒளிர்வாலும் கருவிகளை ஏமாற்றியும், இல்லாத பயனை இருப்பதாகக் காட்டும் பொருள் என்பதையும் அது விளக்கியது. இக்கடுமையான தீர்ப்பு முழுமையானதன்று. 2014இல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உடைய 367 பேரிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாரம் நான்கு வாரத்தில் வலியைக் குறைப்பதில் இபுபுரூஃபனுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. வயிற்று உபாதையும் குறைவாக இருந்தது. மூட்டுவலியில் ஓரளவு ஆறுதல் கிடைக்கும் என்று சொல்ல இடமுண்டு. புற்றுநோயைத் தீர்க்கும், மறதி நோயைத் தடுக்கும் என்று விற்பனைத் தாள்கள் சொல்வதற்கு மனிதரிடம் எடுத்த தக்க சான்று இல்லை. அதனை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் உயிரோடு விளையாடுகிறார்.

அளவு பற்றிய கணக்கும் தெளிவானது. உணவில் சேரும் குர்குமின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு மூன்று மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று உலக நல நிறுவனமும் உலக உணவு, வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு வரையறுத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 180 மில்லிகிராம்; நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் உள்ள தூளில் ஆறு கிராம். வீட்டுச் சமையலில் ஒருவர் பங்குக்கு இவ்வளவு சேர்வது அரிது. உறிஞ்சுதலைக் கூட்டும்படி செய்த செறிவு மாத்திரைகளோ இவ்வரையறையை எளிதில் தாண்டிவிடுகின்றன. 2019இல் இத்தாலியிலும் 2023இல் ஆஸ்திரேலியாவிலும் அத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை ஒட்டி அரசு அமைப்புகள் எச்சரிக்கை வெளியிட்டன.

இவை எல்லாவற்றையும் விட மஞ்சளை உண்பவரின் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து, நிறத்துக்குக் கிடைக்கும் விலையிலிருந்தே பிறந்தது. ஒடித்த முகம் மங்கலாக இருந்தால் விலை சரிகிறது. பூச்சி அரித்த கிழங்கும் மழையில் நனைந்த கிழங்கும் மங்கலாகவே இருக்கும். பாலிஷ் உருளையில் மஞ்சள்தூளும் படிகாரமும் ஆமணக்கெண்ணெயும் தெளித்து மெருகேற்றும் வழக்கத்தை ஒட்டி, தெற்காசியச் சந்தைகளில் ஈயக் குரோமேட் என்னும் வண்ணப்பூச்சுப் பொருளைத் தூவும் தீய வழக்கமும் நுழைந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டது திரும்ப மீளாது. இந்தியச் சட்டம் இதனை நெடுங்காலமாகத் தடைசெய்திருக்கிறது. வங்கதேசத்தில் 2019இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47 பங்கில் ஈயம் காணப்பட்டு, அரசு சோதனையும் தண்டனையும் முடுக்கிவிட்டபின் 2021இல் அது அறவே இல்லாமற் போனது. கண்காணிப்பு நடந்தால் இரண்டே ஆண்டில் முடியக்கூடிய வேலை இது என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. குர்குமினின் பயனைப் பற்றிய நூறு கட்டுரைகளை விட, மஞ்சளில் ஈயம் இல்லை என்று உறுதிசெய்யும் ஒரு சோதனைச்சாலை இச்சமவெளியின் குழந்தைகளுக்கு அதிக நன்மை செய்யும்.

குர்குமின் அளவால் விலை வைக்கும் வழக்கம் நிறச் சாரம் எடுக்கும் ஆலைகளோடு வந்தது. அவ்வாலைகளுக்கு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குர்குமின் தரும் ஆலப்புழை மஞ்சளே பிடித்தமானது; சேலம், ஈரோட்டு வகைகளில் அது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் ஈரோட்டு நாட்டு வகையை ஊடுகதிரால் மாற்றிப் பி.எஸ்.ஆர். ரகங்களை வெளியிட்டதும், கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிபா போன்ற ரகங்கள் பரவியதும் விளைச்சலையும் குர்குமினையும் ஒருங்கே உயர்த்தும் முயற்சிகள். 2019இல் ஈரோட்டு மஞ்சள் புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தெலங்கானாவின் நிசாமாபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. ஆயினும் நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விலை சொல்லப்படுவது இன்னும் விரலி, உருண்டை, பனங்காலி என்னும் ரகத்தை வைத்துத்தான். மூட்டைக்குள் எத்தனை பங்கு குர்குமின் இருக்கிறது என்பது விவசாயி விற்கும் நேரத்தில் அவருக்குத் தெரிவதில்லை, வாங்கியவர் ஆலைக்கு அனுப்பிச் சோதித்த பிறகு தெரிகிறது. கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலேயே குர்குமின் அளவும் ஈயச் சோதனையும் செய்து, அந்தச் சீட்டை மூட்டையோடு ஏலத்தில் வைத்தால், நிறத்துக்குக் கொடுக்கப்படும் விலையில் உரிய பங்கு விளைவித்தவருக்கே போய்ச் சேரும்.